சிலோன் அறையில் இல்லாத துருவலை

1999 மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை நானும் அக்காவும் கிள்ளானிலிருந்து ரயில் ஏறி கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்சுக்குப் போனோம். அங்கே ஒரு கடையின் மாடியில் உட்கார்ந்து, ஐரோப்பாவில் இருக்கும் ஓர் அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு மாலை நான்கு மணிக்கு முன் வீடு திரும்பிவிட்டோம். இணையம் வழியாக அருங்காட்சியகம் பார்ப்பதைப் பற்றிப் பத்திரிகைகளில் பெரிதாக எழுதுகிறார்கள். அதில் பாதியைத்தான் நம்பலாம். எந்தப் பாதி என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

போன காரணம் ஒரு தேங்காய்த் துருவலை. பலகையில் ஏறி உட்கார்ந்து, முன்னால் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கும் பல் வைத்த இரும்பில் தேங்காய் துருவுவோமே, அதுதான். அம்மா கல்யாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்தபோது கொண்டுவந்தது என்பது எங்கள் வீட்டு வரலாறு. அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில்தான் நாங்கள் வளர்ந்தோம்.

1974இல் நான் பல்கலைக்கழக மாணவி. ஓர் அருங்காட்சியகத்துக்காகச் சமையல் சாமான்களைச் சேகரிக்க வந்திருந்த ஓர் ஐரோப்பிய ஆய்வாளரை எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனேன். அந்தப் பெண் கொஞ்சம் தமிழ் பேசுவார். அடுத்த வாரம் நான் வகுப்பில் இருந்த நேரம் அவர் தனியாக இன்னொரு முறை வந்திருக்கிறார். மாலையில் நான் வீடு திரும்பியபோது துருவலை இருந்த இடம் காலி. “அந்தப் பிள்ளை கேட்டது, குடுத்திட்டன்,” என்றார் அம்மா. அடுப்படிக்குப் போய்விட்டார். ஐந்து மாதம் கழித்து அம்மா இறந்துபோனார்.

கிள்ளானில் கல்யாணமாகிப் போயிருந்த அக்கா, காரியமெல்லாம் முடிந்த பிறகு துருவலையைக் கேட்டார். மியூசியத்துக்குப் போய்விட்டது என்றேன். அவர் நம்பவில்லை. “தேங்காய் துருவுற பலகையைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்க அவையளுக்கு என்ன விசரோ?” என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது என்றே எனக்கும் பட்டது. அருங்காட்சியகத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. அந்தப் பெண்ணிடம் தயவு தேடுவதற்காக நானே தூக்கிக் கொடுத்துவிட்டு அம்மாவின் தலையில் பழியைப் போடுகிறேன் என்பது அக்காவின் முடிவு. இருபத்தைந்து வருடமாக எந்தக் கல்யாண வீட்டிலும், யாராவது தேங்காய்ச் சம்பல் பரிமாறினால் போதும், அக்கா என்னை ஒரு பார்வை பார்ப்பார்.

இந்த வருடம் அக்கா, மகனோடு இருப்பதற்காக ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்கே போகிறார் என்று முடிவானது. புறப்பட எட்டு நாள் இருந்தபோது, அந்த அருங்காட்சியகம் தன் கிடங்கில் உள்ள பொருள்களையெல்லாம் படத்தோடு இணையத்தில் போட்டிருக்கிறது என்று செய்தித்தாளில் படித்தேன். ஷா ஆலமில் என் அலுவலகத்திலும் இணையம் உண்டு, மேலதிகாரியின் அறையில். அங்கே போய்த் துருவலை தேடுகிறேன் என்று சொல்ல முடியாது. பிரிக்பீல்ட்சில் ஒரு சைபர் கஃபே இருப்பதாக ஒரு தோழி சொன்னாள். தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு, இருந்தால் மட்டும் சொல்லலாம் என்பது என் திட்டம். ஆனால் தொலைபேசியில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

“நானும் வாறன்,” என்றார் அக்கா. “நீ தனியப் போனா, இருக்குதெண்டுதான் வந்து சொல்லுவாய்.”

கிள்ளான் நிலையத்தில் காலை 8.40க்குக் கமியூட்டர் ரயில். ஒருவருக்கு மூன்று வெள்ளி அறுபது காசு. தூரம் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆகிறது. குளிர்சாதனம் அதிகம். சால்வை கொண்டு போங்கள். ரயில் பிரிக்பீல்ட்சை ஒட்டியே போகிறது, ஆனால் நிற்பதில்லை. அங்கே பெரிய நிலையம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கிரேன்களையும் செம்மண் குவியல்களையும் பார்த்தபடி கோலாலம்பூர் பழைய நிலையம் வரை போய் இறங்கி, டாக்சி எடுத்துத் திரும்பி வர வேண்டும். மூன்று வெள்ளி.

டாக்சிக்காரர் எங்கே போகிறோம் என்று கேட்டார். கம்ப்யூட்டரில் மியூசியம் பார்க்கப் போகிறோம் என்று அக்கா சொல்லிவிட்டார்.

“மியூசியம் பாக்கணும்னா அந்தா, அந்தப் பக்கம்தான் இருக்கு லா அக்கா. அஞ்சு நிமிஷம். டிக்கெட்டும் சல்லிசு. எதுக்கு டிவில பாக்கறீங்க?”

“எங்கட சாமான் வேற மியூசியத்தில இருக்காம்,” என்றார் அக்கா. ‘இருக்காம்’ என்ற சொல்லை மட்டும் என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

சைபர் கஃபே ஒரு தையல் கடையின் மாடியில் இருக்கிறது. ஆறு கம்ப்யூட்டர்கள். நடத்துபவர் மல்லிகா, முப்பது வயது இருக்கலாம். முன்பு வங்கியில் வேலை செய்தவர். ஒரு மணி நேரத்துக்கு ஐந்து வெள்ளி, வண்ணத்தில் அச்செடுத்தால் ஒரு தாளுக்கு இரண்டு வெள்ளி. நாங்கள் 10.15க்கு உட்கார்ந்தோம். மோடம் கீச்சென்று கத்தி முடித்து, அருங்காட்சியகத்தின் முகப்பு வருவதற்குள் அக்கா தன் மூக்குக் கண்ணாடியை இரண்டு முறை துடைத்துவிட்டார்.

“லைன் அப்படித்தான் ஆன்டி,” என்றார் மல்லிகா. “படம் மேல இருந்து கீழ வரும். சாமி ஊர்வலம் மாதிரி. அவசரப்பட்டா நடக்காது.”

முதலில் ‘சுற்றுலா’ என்று ஒன்று இருக்கிறது. அம்புக்குறியை அழுத்தினால் ஒரு கூடம், மறுபடி அழுத்தினால் அடுத்த கூடம். மரத் தரை, உயரமான ஜன்னல், யாரும் இல்லாத நாற்காலி. ஒரு கூடத்திலிருந்து அடுத்ததற்குப் போக நான்கு நிமிடம் ஆனது. நேரில் நடந்திருந்தால் அரை நிமிடம்தான் ஆகியிருக்கும். முகமூடிகளும் ஒரு நீளமான படகும் பார்த்தோம். படகு பாதி வந்தபோது தொடர்பு அறுந்துவிட்டது. முன்பாதி மட்டும் திரையில் நின்றது. இந்தச் சுற்றுலாவில் நேரம் செலவழிக்காதீர்கள். காட்சிக்கு வைத்திருப்பது கொஞ்சம்தான், மற்றதெல்லாம் கிடங்கில்.

கிடங்குப் பட்டியலுக்குத் தனி வாசல் இருக்கிறது. அதில் நாடுகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. நான் யோசிக்காமல் சிலோனை அழுத்தினேன். பக்கத்துக்கு இருபது பொருளாக மூன்று பக்கம். மீன் கூடு, ஓலைப் பெட்டி, பாக்குவெட்டி, சுளகு. தபால்தலை அளவில் ஒவ்வொரு படமும் ஊர்ந்து வந்தது. துருவலைகள் நான்கு இருந்தன. முதல் மூன்றைப் பார்த்து அக்கா இல்லையென்று தலையை ஆட்டினார். நான்காவதைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அது வருவதற்கு ஆறு நிமிடம்.

“இது எங்கட இல்லை,” என்றார். “எங்கடையின்ர கழுத்து இப்பிடி வளையாது.”

எனக்கும் அது தெரிந்தது. மூன்றாவது பக்கத்தின் கடைசிப் படம் வரை பார்த்து முடித்தோம். மணி 11.20. அக்கா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். “பரவாயில்லை, விடு. பழைய கதை,” என்றார். இருபத்தைந்து வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன மிக மோசமான வார்த்தை அதுதான். இன்னும் சில நாளில் அந்தப் ‘பரவாயில்லை’யோடு அவர் விமானம் ஏறிவிடுவார். அந்த அறையில், அந்த நிமிடத்தில், ஒருவேளை நானேதான் கொடுத்துவிட்டு மறந்துபோனேனோ என்றுகூட எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

மல்லிகா பின்னால் வந்து நின்றார். என்ன தேடுகிறோம் என்று கேட்டார். சொன்னேன்.

“அந்த வெள்ளக்காரம்மா அத எங்க வாங்குனாங்க?”

“இங்கதான். பக்கத்தில, ரயில்வே குவாட்டர்ஸில.”

“அப்ப ஏன் ஆன்டி சிலோன்ல தேடுறீங்க? நான் இங்க கேரி தீவு எஸ்டேட்ல பொறந்தவ. என் சாமானத் தொலைச்சிட்டு தாத்தா ஊரு திண்டிவனத்துல போய்த் தேடுனா கெடைக்குமா?”

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் இரண்டு பேரும் பிறந்தது கோலாலம்பூரில். யாழ்ப்பாணத்தில் நான் இருந்தது மொத்தம் பதினொரு நாள், அக்கா அதுவும் இல்லை. இருந்தும் எங்கள் சாமான் என்றால் சிலோன் அறையில்தான் இருக்கும் என்பதில் எங்களில் ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை. எதையும் சந்தேகப்படுகிறவள் என்று பெயரெடுத்தவள் நான்.

மலேசியாவை அழுத்தினேன். முதல் பக்கத்தில் குறுவாள்கள், காற்றாடிகள், கூடைகள். இரண்டாவது பக்கத்தில் ஏழாவதாக ‘தேங்காய்த் துருவி, ரயில்வே குடியிருப்பு, கோலாலம்பூர்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. பெரிதாக்கினேன். முதலில் வெறும் சாம்பல் நிறம். பிறகு பற்கள், பிறகு இரும்புக் கழுத்து.

“இனிப் பலகைதானே? கொஞ்சம் கெதியா வராதோ?” என்றேன்.

“பொறு, பொறு. கீழ போகட்டும்,” என்று அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

பலகையின் வலது ஓரத்தில், கருப்பாக, ஒரு முக்கோணத் தழும்பு வந்தது.

“அந்தச் சூடு நான் வைச்சது,” என்றார் அக்கா. “கரி அயன்பெட்டியை அதில வைச்சிட்டு மறந்திட்டன். அம்மாட்டை அடி வாங்கினனான். எனக்கு அப்ப ஒன்பது வயது.”

மல்லிகா கையைத் தட்டினார். பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

படத்தின் கீழே சிறிய எழுத்தில் குறிப்பு இருந்தது. அக்காவே அதை வாய்விட்டுப் படித்தார். 1974இல் பெறப்பட்டது. கொடுத்தவர் உரிமையாளரான குடும்பத் தலைவி. பலகை செங்கால் என்ற மலாயா மரம். தண்டவாளத்துக்கு அடியில் போடும் பழைய கட்டையிலிருந்து, குடியிருப்பிலிருந்த ஒரு தச்சர் அறுத்துச் செய்தது. அதற்குக் கீழே, ஆய்வாளர் எழுதிவைத்த இரண்டு வரிகள். ‘உரிமையாளர் சொன்னது: எனக்கு இரண்டு மகள்கள், துருவலை ஒன்று. யாருக்குக் கொடுத்தாலும் மற்றவள் கோபிப்பாள். நீ கொண்டு போ.’

அக்கா அதை இரண்டாம் முறை மனதுக்குள் படித்தார். பிறகு கேட்டார்:

“அப்ப கப்பலில வந்ததெண்டது?”

“அது எங்களுக்குச் சொன்ன கதை. அந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறா.”

“எனக்குத்தான் தாறன் எண்டு சொன்னவ, தெரியுமோ?”

“எனக்கும் அதைத்தான் சொன்னவ,” என்றேன். இதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டிவந்தது. “கள்ளி,” என்றார். அம்மாவைத்தான் சொன்னார். எனக்குத் தோளிலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது என்று எழுதினால் நானே நம்பமாட்டேன். ஆனால் பசித்தது. காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இரண்டு தாள் வண்ணத்தில் அச்செடுத்தோம். கீழேயே ஒரு கடையில் வாழை இலைச் சாப்பாடு. அக்கா இன்னொரு முறை ரசம் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு பழைய நிலையம் வரை நடந்தே போனோம். தூசி அதிகம், இருபத்தைந்து நிமிடம் ஆகும், வெயிலில் வேண்டாம். திரும்பும் ரயிலில் பாடாங் ஜாவா நிலையம் தாண்டும்வரை அக்கா தாளைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: “மகன்ர வீட்டில ஒரு அறை சும்மாதான் கிடக்குதாம்.” எங்கள் குடும்பத்தில் வந்து தங்கும்படி அழைப்பது இப்படித்தான்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். இருவருக்கும் சேர்த்து, சாப்பாடு நீங்கலாக, 31 வெள்ளி 40 காசு ஆனது. இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். காலை பத்துக்கு முன் உட்கார்ந்தால் தொடர்பு கொஞ்சம் வேகமாக இருக்குமாம். நாங்கள் சோதிக்கவில்லை. உங்கள் பொருள் கைமாறிய வருடத்தையும் இடத்தையும் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அது எந்த ஊரிலிருந்து வந்தது என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். அதை எழுத வேண்டாம். பொருளைத் தொட முடியாது, பின்பக்கம் திருப்பிப் பார்க்க முடியாது. அந்தப் பலகையின் அடியில் என்ன இருக்கிறது என்று இப்போதும் தெரியாது.

கடைசியாக ஒன்று. உங்களை நம்பாதவரையே கூட்டிக்கொண்டு போங்கள். தனியாகப் போயிருந்தால் நான் சிலோன் பட்டியலோடு நிறுத்தி எழுந்து வந்திருப்பேன். கண்டுபிடித்திருந்தாலும், அந்தக் கருப்புத் தழும்பு என்னவென்று எனக்குத் தெரிந்திருக்காது. அது நடந்தபோது நான் கைக்குழந்தை. டிசம்பரில் பெர்த்துக்குப் போக இரண்டு வார விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த முறை கடவுச்சீட்டோடு.