சுவரோரம் நின்ற வெர்லின்

வெர்லின் டேட்டம் நர்ஸ் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பிஸ்கா பாப்டிஸ்ட் சபையில் பத்தொன்பது வருஷமாக ஞாயிறுதோறும் வெள்ளைச் சீருடை, தொப்பி, கையுறை, வெள்ளை ஷூ என்று நர்ஸாகவே நின்றவள் அவள். பாட்டு உச்சத்துக்குப் போய், ஆவியில் நிறைந்து யாராவது சாய்ந்தால் தாங்கிப் பிடித்து விசிறிவிடுவது சபை நர்ஸுகளின் ஊழியம். அலபாமாவின் அந்தச் சின்ன ஊரில் அந்த உடுப்புக்குத் தனி மரியாதை உண்டு.

வாரநாட்களில் அவள் வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடக்கும் முதியவர்களைக் குளிப்பாட்டுவாள். ஊரார் உடம்பையெல்லாம் பார்த்துக்கொண்டவளுக்கு மருத்துவக் காப்பீடு கிடையாது. சர்க்கரை நோய் வேறு. இன்சுலினைப் பாதிப் பாதியாகப் போட்டு இழுத்தடித்ததில் பாதத்தில் வந்த புண், வெள்ளை ஷூவுக்குள் மூன்று மாதமாக ஆறாமல் இருந்தது. இது சபையில் ஒருத்திக்குத்தான் தெரியும், பள்ளிக்கூடத்தில் சமைக்கும் ஓஸெல்லாவுக்கு. இலவச மருத்துவ முகாம் வரிசையில் இருவரும் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டார்கள். யாரிடமும் சொல்லாதே என்று வெர்லின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். ஓஸெல்லாவும் மூச்சு விடவில்லை.

இல்லாதவர்களுக்கும் அரசுக் காப்பீடு கொடுங்கள் என்று அந்த ஆகஸ்டில் மாநிலத்துச் சபைகளெல்லாம் சேர்ந்து சட்டமன்றத்துக்கு மனு எழுதின. போதகர் ஹார்குரோவ் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, "காப்பீடு இல்லாதவங்க எழுந்து நில்லுங்க, எத்தனை பேருன்னு எழுதணும்" என்றார். பூ வைத்த தொப்பியும் இஸ்திரி போட்ட கோட்டுமாக வந்திருக்கும் கூட்டத்தில் தன் இல்லாமையை யார் காட்டுவார்கள்? ஓஸெல்லா மட்டும் எழுந்தாள்.

வெர்லின் ஏற்கெனவே சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். நர்ஸுகள் நிற்பவர்கள்தானே, அவளை யாரும் எண்ணவில்லை. ஓஸெல்லா ஒரே ஒரு தடவை அவள் பக்கம் பார்த்தாள். வெர்லின் கையுறையைச் சரிசெய்துகொண்டாள். மனுவில் 'ஒருவர்' என்று போயிற்று.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. ஆராதனை முடிந்து சமையலறையில் கோழி வறுவலை எடுத்து வைத்துக்கொண்டே, "அந்தம்மாவுக்கு எப்பவும் யாராவது இரக்கப்பட்டுக்கிட்டே இருக்கணும்" என்றாள் சபைப் பொறுப்பிலிருந்த டீக்கனின் மனைவி லூசிண்டா. வெர்லினும் கூடச் சேர்ந்து சிரித்தாள். திரும்பிப் பார்த்தால் வாசலில் ஓஸெல்லா, கையில் மக்காச்சோள ரொட்டித் தட்டு. தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். வெர்லினுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அதன் பிறகு யார் முதுகைத் தேய்த்தாலும் தன் சிரிப்பே காதில் விழுந்தது. வெட்கத்தில் கூனிக் குறுகினாள்.

மறு மாதம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரிடமிருந்து பதில் வந்தது. போதகர் அதைப் பீடத்திலிருந்து வாசித்தார். உங்கள் சபையில் ஒரே ஒருவர்தான் என்பதால், அவருக்கு நீங்களே உதவிவிடலாமே என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். அந்த ஒருவரான ஓஸெல்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

வெர்லின் சுவரை விட்டு நகர்ந்தாள். காலை இழுத்து இழுத்து நடந்து வந்து, ஓஸெல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள். சீருடையில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. மயக்கமோ என்று இன்னொரு நர்ஸ் விசிறியோடு ஓடிவந்தாள்.

"பாஸ்டர், இன்னொரு தடவை கேளுங்க" என்றாள் வெர்லின்.

அவர் கேட்டார். அவள் எழுந்தாள்.

"எனக்குக் கிடையாது பாஸ்டர். போன மாசமும் கிடையாது. நின்னுக்கிட்டேதான் மறைச்சேன்."

பின்னால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெஞ்சுகள் கிறீச்சிட்டன. யார் யார் எழுந்தார்கள் என்று திரும்பிப் பார்க்க அவளுக்கு முகமில்லை. கூடவே எழுந்து நின்ற ஓஸெல்லா அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். நாலு வார்த்தை திட்டப் போகிறாள் என்று வெர்லின் எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றுகூட நினைத்தாள்.

"உக்காருடி," என்றாள் ஓஸெல்லா மெதுவாக. "அந்தக் காலை வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நிப்ப?"