மூன்றாம் நாள் மைதானத்தில் என் மகள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு புரட்டாசி மாதம். நத்தம் பக்கம் எங்கள் ஊர். எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகள் பெரியவளானாள். வழக்கப்படி தனித் தட்டு, தனிப் பாய் கொடுத்து ஓரமாக உட்கார வைத்தோம். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வாசல் தாண்டக்கூடாது. ஆனால் மூன்றாம் நாள் திண்டுக்கல்லில் மாவட்ட கபடி இறுதிப்போட்டி. பள்ளி அணியில் ரெய்டு போவதே அவள்தான்.

"இந்த வருசம் போனாப் போகுது" என்று முடித்துவிட்டார், சடங்கு வேலைக்காகக் கீரனூரிலிருந்து வந்திருந்த என் நாத்தனார். அவர் பேச்சுக்கு வீட்டில் மறுபேச்சு கிடையாது.

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம், விளையாட்டு டீச்சர் அணிப் பிள்ளைகளோடு வந்து நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து என் மகள் குரல் கேட்டது.

"அப்பா, செத்த நேரம் இங்க வாங்க."

என் கணவர் இந்த மாதிரிப் பேச்செடுத்தாலே எழுந்து தோப்புக்குப் போய்விடுகிற ஆள். தயங்கித் தயங்கிப் போய் நின்றார்.

பள்ளியில் வளரிளம் பருவம் பற்றி வகுப்பு நடத்தியிருக்கிறார்கள், ஆண்பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைத்து. கேட்டதையெல்லாம் கூச்சமே இல்லாமல் அப்பாவிடம் சொன்னாள். "இது நோயும் இல்லப்பா, தீட்டும் இல்ல. ஓடலாம், விளையாடலாம். வயிறு வலிச்சா நானே உக்காந்துக்கிறேன். இப்ப வலியே இல்ல, அழுகைதான் வருது."

"பள்ளிக்கூடத்துல இதையெல்லாமா சொல்லித் தாராங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டார் நாத்தனார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "எனக்கு யாரும் சொல்லித் தரல மதினி. பாவாடையில ரத்தத்தப் பாத்துட்டு, சாகப்போறேன்னு சோளக்காட்டுக்குள்ள ஒளிஞ்சு கிடந்தேன்" என்றேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

என் கணவர் வெளியே வந்து டீச்சரைப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "காலையில எத்தன மணிக்கு வரணும்?"

மறுநாள் பைக்கில் மூவருமாகப் போய் இறங்கினோம். முதல் பாதியில் எங்கள் பிள்ளைகள் பின்தங்கிவிட்டார்கள். இரண்டு புள்ளி குறைவாக இருக்கும்போது கடைசி ரெய்டுக்கு என் மகள்தான் போனாள். நாலு பேர் காலைப் பிடித்து இழுக்க, மண்ணோடு மண்ணாகத் தவழ்ந்து கையை நீட்டிக் கோட்டைத் தொட்டாள். "விடாத தாயி! விடாத!" என்று தொண்டை கிழியக் கத்தினது யார் என்று திரும்பினால், என் வீட்டுக்காரர்!

கோப்பையோடு ஊருக்குள் நுழைந்தபோது பஸ் ஸ்டாப்பிலேயே வெடி போட்டார்கள். நாத்தனார் ஆரத்தி எடுத்தார். முகம் கொஞ்சம் உம்மென்றுதான் இருந்தது, ஆனால் எடுத்தார்.

என் அம்மா எனக்குச் சொல்லாததை, நான் என் மகளுக்குச் சொல்லத் தெரியாமல் விட்டதை, ஒரு வகுப்பு அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது; அதைக் கேட்டதோடு நிற்காமல் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னாளே, அதை நினைத்தால் இன்றைக்கும் என் தலை தானாக நிமிர்ந்துவிடுகிறது.