அட்டை இல்லாத இரண்டாம் பாகம்

என் மதினி உண்டாக்கிய விளையாட்டின் முதல் பாகத்தில் என் அண்ணன் செத்துப்போனான். மூடுபனிக்குள் பொதிமாட்டை இழுத்துக்கொண்டு இடது பக்கம் திரும்பினான். அங்கே பாதை இல்லை. செத்தவர்கள் கதை முடியும் வரை வாய் திறக்கக் கூடாது என்பது சட்டம். கட்டிய பெண்டாட்டியே தன்னைக் கொன்றுபோட்டாளே என்று அவன் ஒரு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு அந்த விளையாட்டின் மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

மதினி குரங்கணிக்காரி. எண்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி, போடியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் அப்போது படிப்பை முடித்துவிட்டு டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தாயம் ஆடி அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தபோது அவள் கேட்டாள்.

"காயை நகத்துறதுக்குப் பதிலா நாமளே போவோமா? ரோடு போடுறதுக்கு முந்தின காலம்னு வச்சுக்கங்க. குரங்கணியிலருந்து மலை ஏறி அந்தப் பக்கம் போய்ச் சேரணும். ஆளுக்கு ஒரு வேசம் எடுத்துக்கங்க."

அண்ணன் பொதிமாட்டுக்காரன் ஆனான். நான் பச்சிலை வைத்தியக்காரி. எங்கள் மாடியில் குடியிருந்த டீச்சர் வழிகாட்டி. மதினி கதையைச் சொல்லிக்கொண்டே போய், பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நிறுத்தி, "என்ன செய்றீக?" என்பாள். நாங்கள் முடிவு சொன்னதும் தாயக்கட்டையை உருட்டுவாள். விழுவதைப் பொறுத்துப் பிழைப்போம், அல்லது போய்ச் சேருவோம். கையில் இருக்கும் உப்பைக் கஞ்சியில் போட்டுக் குடித்துவிட்டால், பிறகு அட்டை கடிக்கும்போது தடவ உப்பு இருக்காது. ஒவ்வொரு அடியும் யோசித்துத்தான் வைக்க வேண்டும். அந்த மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் அதிலேயே போயின. டீச்சரை ஆறு கொண்டுபோனது. நான் மட்டும் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்தப் பக்கத்து மலை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மதினி நிறுத்திவிட்டாள்.

"மிச்சம் அடுத்த மழைக்கு."

அடுத்த மழை வரை நான் எப்படிப் பொறுத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். அந்தப் பக்கம் என்ன இருக்கும், யார் இருப்பார்கள், அவர்கள் பேச்சு எனக்குப் புரியுமா என்று டைப் அடிக்கும்போதெல்லாம் யோசனை. வாத்தியாரிடம் திட்டு வாங்கினேன்.

இதற்கிடையில் மதினி குழாயடியில் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், எங்கள் கதையைத் தெருப் பெண்களிடம் சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் காய் பொறுக்கப் போகிறவர்கள் வேலையிடத்தில் போய்ச் சொல்ல, மழை தொடங்குவதற்கு முன்பே பாதி ஊருக்கு இரண்டாம் பாகத்தைப் பற்றித் தெரிந்திருந்தது. எங்களுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. அரைகுறைச் செய்திகள் வந்துகொண்டிருந்தன, ஒன்றும் நல்லதாக இல்லை.

முதலில் அம்மா, "இந்தத் தடவ பேய் வருதாமே?" என்றாள். பிறகு அண்ணன், கதைக்குள் ஒரு கல்யாணம் நடக்கப்போகிறது என்றான். கடைசியாக டீச்சர் மாடியிலிருந்து இறங்கி வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அட்டைய எடுத்துட்டாங்களாம்மா. யாருமே சாக மாட்டாங்களாம். மயக்கம் போட்டு விழுந்தா சோடா குடிச்சு எந்திரிச்சுக்கலாமாம்."

"சோடாவா? மலை மேலயா?"

"எனக்கென்ன தெரியும்? உங்க மதினியக் கேளு."

சாவு கிடையாது என்று தெரிந்த உடனே அண்ணன் கட்சி மாறிவிட்டான். "நல்லதுதானே, எல்லாரும் கடைசி வரைக்கும் வெளையாடலாம்ல" என்றான். அவனோடு பேசிப் பயனில்லை. நான் அடுப்படிக்குப் போனேன். மதினி அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அட்டைய எடுத்துட்டீகளாமே மதினி?"

"ஆமா. அட்டைன்னு சொன்னதுமே எதிர்த்த வீட்டு அக்கா எந்திரிச்சுப் போயிருச்சு. சோறு எறங்க மாட்டேங்குதாம்."

"அட்டை இல்லாம அது என்ன மலை? ஒங்க ஊருல அட்டை இல்லையா?"

"எங்க ஊருல இருக்கு. கதையில வேணாம்னு சொல்றாக."

"அவுக சொன்னா? மொத மழையிலருந்து ஒங்க கூட நடந்தது நாங்க."

அவள் காயைக் கீழே வைத்தாள். "மூணு பேரு தலையாட்டுறதுக்கா நான் ராப்பகலா யோசிக்கிறேன்? வந்து ஒரு வருசம் இந்தத் தெருவுல எனக்குப் பேரே கெடையாது, இன்னார் மருமகதான். இப்பக் குழாயடிக்குப் போனா, கதைக்காரி வந்துட்டா, வழிவிடுங்கன்னு சொல்றாக. நீ என்னடான்னா அட்டையக் கட்டிக்கிட்டு அழுகுற."

அவள் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்தால் எரிச்சல் அடங்கிவிடுமா என்ன?

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்குப் பின்னால் இருந்த ஏலக்காய் உலர்த்தும் களத்தில், புது ஆட்களுக்காகவும் செத்தவர்களுக்காகவும் மறுபடி அடிவாரத்திலிருந்தே இரண்டாம் பாகம் தொடங்கியது. வீட்டுக்குள் இடம் போதாது. தெருவே பாய், பலகையோடு வந்திருந்தது. வேஷம் எடுப்பதிலேயே ஒரு மணி நேரம் போயிற்று. நான்கு பேர் ராணி. முறுக்கு சுற்றி விற்கும் அத்தை, "நான் முறுக்குக்காரியாவே வர்றேன், புதுசா எதுக்கு?" என்றார். அம்மாவும் ராணிதான். ஆனால் மலை ஏற மறுத்துவிட்டாள்.

"முட்டி வலிக்குது ஆத்தா. நான் ஜீப்புல வர்றேன்."

"அம்மா, இது ரோடு போடாத காலம். ஜீப்பு கெடையாது."

"எல்லாரும் ஜீப்புலதான போறாக? நான் மட்டும் எதுக்கு நடக்கணும்?"

நான் மதினியைப் பார்த்தேன். என் பக்கம் திரும்பாமலே, "சரி அத்தே, ஜீப்பு வந்துருச்சு, ஏறுங்க" என்றாள். உடனே மற்ற மூன்று ராணிகளும் ஏறிக்கொண்டார்கள். முறுக்குக்கார அத்தையும் கூடையோடு ஏறினார். பொதிமாட்டுக்காரனான என் அண்ணன், மாட்டை மரத்தில் கட்டிவிட்டுப் பின்னால் தொற்றிக்கொண்டான்.

எனக்குத் தாங்கவில்லை. "மதினி, எனக்கு மட்டும் பழைய சட்டம். விழுந்தா சாவு. சோடா வேணாம்" என்றேன்.

மதினி என் பக்கம் திரும்பினாள். "நெசமாவா?" என்றாள்.

"நெசமாத்தான். நடந்துதான் வருவேன்."

வழுக்குப்பாறையில் நான் கால் வைத்தேன். மதினி கட்டையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வெகுநேரம் உரசி, தரையில் விட்டாள். பார்த்தவள் முகம் மாறியது. மறுபடி உருட்டட்டுமா என்பது போல என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டி மறுத்தேன். கதை தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, வைத்தியக்காரி பள்ளத்தில் விழுந்து செத்துப்போனாள்.

"அய்யோ, சோடா குடுங்க, சோடா குடுங்க" என்று ஒரே கூச்சல். எதிர்த்த வீட்டு அக்கா நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் வீம்பாக எழுந்து உள்ளே போய் எல்லோருக்கும் காப்பி போட்டேன். அந்த மழைக்காலம் முழுவதும் என் வேலை அதுதான். அவர்கள் மலை தாண்டினார்கள், பேயை விரட்டினார்கள், கல்யாணத்தில் பாட்டுப் பாடினார்கள். நான் வாசல் பக்கம் நின்றுகொண்டு, தம்ளரைக் கழுவியபடி எல்லாவற்றையும் கேட்டேன். ஒரு வார்த்தையையும் விடவில்லை. பல இடங்கள் மட்டமாக இருந்தன. ஓரிரு இடங்கள், முக்கியமாக ஜீப்பை யானை மறித்த, கூட்டம் காப்பியை ஆறவிட்டுக் கேட்ட கட்டம், முதல் பாகத்தைவிட நன்றாக இருந்தன. அதை நான் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

டீச்சர் அடுத்த கோடையில் உத்தமபாளையம் பக்கம் மாற்றலாகிப் போனார். போகும்போது, "மூணாவதாச்சும் ஒழுங்கா பண்ணச் சொல்லு" என்றார். மதினியிடம் சொன்னேன். வயிற்றில் பிள்ளையோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"மூணாவதுல விமானம் வருது" என்றாள். "ஒங்கம்மா கேட்டுட்டாக."

சிரிக்கிறாளா, நிஜமாகச் சொல்கிறாளா என்று தெரியவில்லை. அன்று சாயந்திரம் வரை நான் அவளோடு பேசவில்லை.