டாய்லின் கம்பம் என் கைக்கு வந்த கதை

அமெரிக்க ஃபுட்பாலில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் நல்ல குவார்ட்டர்பேக்குக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று எங்கள் ஸ்டோன் டேங்க் ஊரில் யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால், அன்றைய பொழுது போயிற்று. டாய்ல் ஹட்ஸ்பெத் காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு விரல் மடக்க ஆரம்பிப்பான். ஆறடி உயரம் வேண்டும். உள்ளங்கை வாணலி அகலம் வேண்டும். கத்தினால் மூன்று வேலி தாண்டி மாடு திரும்பிப் பார்க்க வேண்டும். இத்தனையும் சொல்லும் டாய்லின் உயரம் ஐந்தரை அடி. பள்ளி அணிக்குத் தண்ணீர் தூக்கியதுதான் அவனுடைய ஃபுட்பால் அனுபவம். இப்போது மேற்கு டெக்சஸின் புழுதியில் வீடுவீடாகப் போய் கேஸ் நிரப்பும் லாரி ஓட்டுகிறான்.

மகன் கோல்பி பிறந்த அன்றே கூர்முனைப் பந்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய், குழந்தையின் கையை அதன்மேல் விரித்துப் பார்த்தவன் அவன். நர்ஸ் விரட்டிவிட்டாள். பிறகு வீட்டில் தண்ணீர் இறைக்கும் காற்றாடியின் கம்பத்தில் ஒரு பழைய டயரைத் தொங்கவிட்டு, அதற்குள் பந்தை எறியச் சொல்லிப் பையனைப் பழக்கினான். கோல்பி எறிந்த பந்து டயரைத் தவிர எல்லாவற்றையும் பதம் பார்த்தது. டாய்லின் மனைவி நெல்டாவின் முட்டைக் கோழி ஒன்று அதில் போய்ச் சேர்ந்தது. அந்தக் கோழியை அவள் இன்னும் மறக்கவில்லை.

எங்கள் ஊரில் பையன்கள் குறைவு. அணிக்கு ஆறு பேர்தான். கோச் ரிட்லி, கோல்பியை நடுவில் குனிய வைத்தார். கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் வீசிக் கொடுக்கிற வேலை. அதை வாங்கி, யாருக்கு எறிவது என்று கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவு செய்கிற குவார்ட்டர்பேக் வேலை எலிசியோ பரியென்டோஸுக்குப் போனது. எலிசியோ குள்ளம். கை சின்னது. பேசினால் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. டாய்லுக்கு வயிறு எரிந்தது.

"ரிட்லிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சாய்யா? அந்தப் பய பந்தப் பிடிச்சா, அணிலு பூசணிக்காயத் தூக்கிட்டு ஓடுற மாதிரி இருக்கு."

"உன் பய எறிஞ்சா கோழி சாகுது. அதுக்கு அணிலே தேவல," என்றேன்.

வெள்ளிக்கிழமை ஆட்டங்களில் டாய்லும் நானும் மைதானக் கோட்டோரம் நிற்போம். பந்து முன்னேறிய தூரத்தை அளக்கும் சங்கிலியின் ஒரு முனை என்னிடம். இது எத்தனையாவது முயற்சி என்று காட்டும் எண் கம்பம் டாய்லிடம். அந்தக் கம்பத்தை அவன் தன் லாரியிலேயே வைத்திருப்பான். வேறு யாரையும் தொடவிட மாட்டான். சங்கிலிக்காரர்கள் கை தட்டக் கூடாது, கத்தக் கூடாது என்பது நடுவர்களின் சட்டம். கோட்டோரம் காதில் விழுந்ததைக் காப்பிக் கடையில் சொல்லக் கூடாது என்பது நாங்களே வைத்துக்கொண்டது. கோச் திட்டுவதும் பையன்கள் விசும்புவதும் அங்கே எங்களுக்குக் கேட்கும் அல்லவா? மீறுகிறவன் கம்பத்தைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட வேண்டும். அந்த வழக்கத்துக்கு டாய்ல்தான் காவல்காரன்.

அந்த வாரம் ஹாக்லி ஊரோடு ஆட்டம். கடைசி நிமிடத்தில் அவர்கள் எல்லையை நெருங்கிவிட்டோம். கோல்பி பந்தைப் பின்னால் வீசினான். அது எலிசியோவிடம் போய்ச் சேராமல் தரையில் அடித்து உருண்டது. ஆட்கள் மேலே விழுந்தார்கள். ஹாக்லிக்காரன் ஒருவன் பந்தை அள்ளிக்கொண்டு ஓடினான். தோற்றோம்.

"என்னடா ஆச்சு?" என்று ரிட்லி கத்தினார். அவர் நின்ற இடத்திலிருந்து ஒன்றும் தெரிந்திருக்காது.

"என் தப்பு கோச். கைக்கு வந்துச்சு, விட்டுட்டேன்," என்றான் எலிசியோ.

கோல்பி தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பந்து தரையில் அடித்ததை நேர்க்கோட்டில் நின்ற டாய்லும் நானும் பார்த்திருந்தோம்.

தோற்ற மறுநாள் காலையில் காப்பிக் கடைக்கு வந்து, ஊர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே முட்டை சாப்பிடுவதும் எங்கள் ஊரில் கோச்சின் வேலைதான். ரிட்லி வந்து உட்கார்ந்தார்.

"கை சின்னக் கைன்னு டாய்ல் அன்னிக்கே சொன்னான்," என்று ஆரம்பித்தார் பருத்தி ஆலை பர்ல். "அவன் பையனப் போடுங்க கோச். உயரம் இருக்கு, கையும் இருக்கு."

கடையே தலையாட்டியது. ரிட்லி முட்டையைக் கிளறியபடி, "நானும் அதத்தான் யோசிக்கிறேன்," என்றார்.

கோல்பி பிறந்ததிலிருந்து டாய்ல் ஏங்கியது தானாக மேசைக்கு வந்துவிட்டது. அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அது அவனுக்கு வழக்கமாகவே முடியாத காரியம் என்பது வேறு விஷயம். அவன் காது மடல் சிவந்துபோயிருந்தது.

"பந்து அந்தப் பய கைக்கே வரல," என்றான் கடைசியில்.

"என்னது?"

"என் பையன்தான் தரையில அடிச்சான். எலிசியோ பழியத் தன் தலையில போட்டுக்கிட்டான். அவன் உங்ககிட்ட சொன்னது என் காதுல விழுந்துச்சு கோச்."

கோட்டோரப் பேச்சு முதன்முதலாகக் கடைக்குள் வந்துவிட்டது.

"டேய், கம்பம் போச்சேடா," என்றேன்.

"தெரியும். லாரியில இருக்கு, எடுத்துக்கோ. கீறல் விழாமப் பாத்துக்க."

ரிட்லி கேட்டார்: "அப்ப குவார்ட்டர்பேக்குக்கு எதுதான்யா முக்கியம்? உயரமா, கையா?"

"அதெல்லாம் இருந்தா நல்லதுதான். ஆனா அந்தப் பயல மாத்தினீங்க, உங்க வீட்டுக்கு இந்தக் குளிர்காலம் பூரா கேஸ் வராது."

அடுத்த வெள்ளிக்கிழமை டாய்ல் முதன்முறையாகப் பார்வையாளர் படிவரிசையில் ஏறி நெல்டாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். கீழே அவன் கம்பத்தோடு நான் நின்றேன்.

"இத்தன வருஷமா இந்தக் குளிருல தனியா உக்காந்திருந்தேன்யா," என்று கம்பளியை விரித்தாள் நெல்டா. "உள்ள வா. கத்துன, வெளிய தள்ளிருவேன்."

கத்தாமல் இருப்பானா? சேர்த்து வைத்திருந்த கத்தல் எல்லாம் வந்தது. நடுவரின் கண்ணாடியைப் பற்றியும் சில யோசனைகள் சொன்னான்.

இடைவேளைக்குப் பிறகு கோல்பி மறுபடி சொதப்பினான். பந்து எலிசியோவின் தலைக்கு மேலே பறந்தது. எலிசியோ துரத்திப் போய் அதன்மேல் விழுந்து காப்பாற்றினான். எழுந்து, கோச்சைப் பார்த்துத் தன் மார்பைத் தட்டிக் காட்டினான்.

"இல்லடா! அது எங்க வீட்டுப் பய தப்பு!"

டாய்லின் குரல்தான். மூன்று வேலி தாண்டி மாடு நிச்சயம் திரும்பிப் பார்த்திருக்கும். ஊரே சிரித்தது. நெல்டா அவன் தலையைக் கம்பளியால் மூடினாள்.

கோல்பி அப்பா பக்கம் திரும்பவில்லை. கோச்சைப் பார்த்துக் கையை உயரத் தூக்கினான்.

"என் தப்பு கோச்! அவன் மேல ஒண்ணும் இல்ல! போன வாரமும் என் தப்புதான்!"

கை தட்டக் கூடாதே என்று கம்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். படிவரிசைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். டாய்ல் கம்பளி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாப்பிட்டது காரம் என்று நெல்டாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் மடியில் இருந்தது வெறும் பாப்கார்ன்.