அம்மாவுக்குக் கால் பிசகிய அமாவாசை

எனக்கு ஒன்பது வயதில் ஒரு காய்ச்சல் வந்து மூன்று வாரம் படுத்துக் கிடந்தேன். மகள் பிழைத்து எழுந்தால் ஆடி அமாவாசைக்குச் சதுரகிரிக்குக் கூட்டி வந்து, அவள் தலையிலேயே ஒரு படி அரிசி சுமக்க வைத்து, மலைமேல் கஞ்சி ஊற்றும் மடத்தில் சேர்ப்பதாக அம்மா நேர்ந்துகொண்டாள். என்னைக் கேட்காமல் என் தலையில் அரிசியை ஏற்றியது அநியாயமாகத் தோன்றினாலும், எனக்காக ஒரு மலை காத்திருக்கிறது என்ற பெருமையும் இருந்தது.

சிவகாசியில் அது தீபாவளிச் சரக்குக்காக எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கிற மாதம். அப்பா பட்டாசு லேபிள் அடிக்கிற அச்சாபீஸில் எழுத்துக் கோப்பவர். ஆர்டர் குவிந்து கிடந்ததால் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. தெருக்காரர்களோடு மாட்டுவண்டியில் அம்மாவும் நானும் அத்தையும் போவதாக ஏற்பாடு. அத்தை அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள்.

அத்தை வருவாள் என்று யாரும் நினைக்கவில்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன் அவள் வேலை பார்த்த பட்டாசுப் பட்டறையில் வெடிமருந்து பற்றிக்கொண்டது. உயிர் தப்பியது, வலது கை மட்டும் மணிக்கட்டு வரை வெந்து, தோல் சுருங்கி, இரண்டு விரல்கள் ஒட்டிக்கொண்டன. அன்றிலிருந்து அவள் வாசல்படி தாண்டவில்லை. கை எப்போதும் முந்தானைக்குள் இருக்கும். யாராவது வந்தால் அடுப்படிக்குள் போய்விடுவாள்.

“நீ மலையேற வேண்டாம் தாயி. அடிவாரத்துல வண்டியில இருந்து சாமானப் பாத்துக்கிட்டாப் போதும். ஒத்தையில நான் எம்புட்டுத்தான் பாப்பேன்?” என்று அம்மா நாலு நாள் கெஞ்சினாள். கடைசியில் அத்தை தலையாட்டினாள். வழி நெடுக வண்டியின் மூலையில் முகத்தை வெளிப்பக்கம் காட்டாமலே உட்கார்ந்திருந்தாள்.

விடிகிற வேளையில் மலையடிவாரமான தாணிப்பாறையில் இறங்கினோம். ஓடையில் குளித்து முடித்ததும் அம்மா என் தலையில் அரிசிப் பையை வைத்தாள். இரண்டு எட்டு நடந்தாள். பிறகு ஒரு பாறைமேல் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டாள்.

“பிசகிருச்சு. ஊன்ற முடியல.”

“அதுக்கென்ன, பிள்ளைய நாங்க கூட்டிட்டுப் போறோம். நீங்க இருங்க” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“நேர்ச்சைன்னா வீட்டாளு கூடப் போகணும்” என்ற அம்மா, அத்தையைப் பார்த்தாள். “நீ போயிட்டு வந்துரு.”

“மதினி, நான் எப்படி...”

“நான் என்ன வேணும்னா உக்காந்திருக்கேன்?”

 அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

தெருக்காரர்கள் முன்னால் போய்விட்டார்கள். பாதி வழியில் என் கழுத்து இற்றுப்போகிற மாதிரி வலித்தது. அத்தை பையை வாங்கி இடது கையால் இடுப்பில் அணைத்துக்கொண்டாள். நேர்ச்சை கெட்டுப்போகுமே என்று நான் அழப் பார்த்தேன்.

“மேல போனதும் திரும்ப உன் தலையில வெச்சுடுதேன். சாமி கோயிலுக்குள்ளதான இருக்காரு” என்றாள் அத்தை. எனக்கு அது நியாயமாகப் பட்டது.

வழுக்குப் பாறையில் நான் ஏறத் தெரியாமல் நின்றேன். அத்தையின் இடது கையில் பை இருந்தது. மேலே நின்றபடி கொஞ்சம் தயங்கினாள். பிறகு வலது கையை வெளியே எடுத்து நீட்டினாள். எட்டிப் பிடித்துக்கொண்டேன். சொரசொரப்பாகவும் சூடாகவும் இருந்தது. வழுக்கி விழாமல் இருப்பதே எனக்குப் பெரிதாக இருந்ததால் வேறெதுவும் தோன்றவில்லை.

மகாலிங்கத்தைக் கும்பிட்டுவிட்டு மடத்துக்குப் போனோம். அத்தை சொன்னபடி மறுபடி என் தலையில் வைத்திருந்த அரிசியை நான் இறக்கிக் கொடுத்தேன். அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு பெண் வேர்த்து விறுவிறுத்து நின்றாள். வரிசையோ கோயில் வரை நீண்டிருந்தது.

“ஏத்தா, சும்மாதான நிக்க? செத்த நேரம் இந்த அகப்பையப் பிடி. எனக்குக் கை விட்டுப்போச்சு” என்று அவள் அத்தையிடம் நீட்டினாள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரத்தான் அத்தை வாயெடுத்தாள். அதற்குள் முதல் ஆள் தொன்னையை நீட்டிவிட்டார். அத்தை ஊற்றினாள். அடுத்தவர் நீட்டினார். ஒட்டிய விரல்களோடு அகப்பையைப் பிடிக்க முதலில் கஷ்டப்பட்டாள். பிறகு பிடி வாகாகிவிட்டது. அந்தக் கூட்டத்தில் ஒருவரும் அவள் கையைப் பார்க்கவில்லை. எல்லோரும் கஞ்சியைத்தான் பார்த்தார்கள்.

ஒரே ஒருத்தி மட்டும் பார்த்தாள். அவள் நீட்டிய கையில் மூன்று விரல்தான் இருந்தது.

“மருந்தா?” என்று கேட்டாள்.

“ஆமா” என்றாள் அத்தை.

“எனக்கு நாலு வருஷமாச்சு. மழைக்காலத்துல இழுக்கும். தேங்காண்ணெ தடவு.” சொல்லிவிட்டு, “இன்னும் ஒரு கரண்டி ஊத்து, பிள்ளைக்கு” என்று இன்னொரு தொன்னையையும் நீட்டினாள்.

அத்தை சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. எனக்குப் பசி. அவள் அகப்பையை விடாததில் கோபம்தான் வந்தது.

நாங்கள் இறங்கி வரும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. தூரத்தில் எங்களைக் கண்டதும் அம்மா எழுந்தாள். சேலையைத் தூக்கிப் பிடித்தபடி ஓடைக்குள் இறங்கி, கல்லுக்குக் கல் தாவி, எதிர்க்கரைக்கே வந்துவிட்டாள். என்னைத் தாண்டிப் போய் அத்தையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். 

நான் அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் நேர்ச்சைக்கு இவ்வளவு பலமா என்று மெய்சிலிர்த்தது.

மறுவாரம் அத்தை குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். நான் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அற்புதத்தைச் சொல்வதிலேயே மும்முரமாக இருந்தேன். நான் மலையேறிய அதே நேரத்தில் சாமி அடிவாரத்துக்கு வந்து அம்மாவின் காலைச் சரியாக்கிவிட்டார் என்று வகுப்பு முழுவதற்கும் சொன்னேன்.

எங்கள் டீச்சர் வேதக்காரர். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். அவரும் நம்பவேண்டும் என்பதற்காக அவரிடம் முதலிலிருந்து விவரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“உங்க அம்மா பெரிய ஆளுதான்” என்றார். பிறகு, “அத்தை இப்ப எப்படி இருக்காக?” என்று கேட்டார்.

எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. நான் காலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இவர் அத்தையைப் பற்றிக் கேட்கிறாரே என்று நினைத்தேன். வேதக்காரர்களுக்கு நம் மலையின் அற்புதம் புரியாது என்று முடிவு செய்துகொண்டு, என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.