பூட்டுப் போட்டவர்

ஊருக்கெல்லாம் விடுமுறை என்றால் என் வீட்டுக்காரருக்கு அன்றைக்குத்தான் வேலை. தொழிற்சாலை ஓடும்போது கரண்டை நிறுத்த எந்த முதலாளி விடுவான்? எல்லாரும் பெண்டாட்டி பிள்ளைகளோடு வெளியே கிளம்புகிற நாளில் இவர் பிரேக்கர் அறைக்குக் கிளம்புவார். கல்யாணமான நாளிலிருந்து ஒரே ஒரு விடுமுறை நாளையாவது இவரோடு முழுசாகக் கழிக்க வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருக்கிறேன். இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

பிரேக்கர் என்றால் உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிற சுண்டைக்காய்ச் சமாச்சாரம் இல்லை. தொழிற்சாலைக்கே கரண்ட் அதன் வழியாகத்தான் போகும். ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாது. இவரும் கூட்டாளிகளும் தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய் அதை அணைத்து, உள்ளே முறுக்கி நிற்கும் ஸ்பிரிங்கைத் தளர்த்தி, பேனல் என்கிற ஆளுயர இரும்பு அலமாரியிலிருந்து வெளியே இழுத்து, காய்ந்த கிரீஸைத் துடைத்துப் புதிதாகப் போடுவார்கள். கை வைக்கும் முன்னால் கரண்ட் இல்லையா என்று டெஸ்டரால் பார்க்க வேண்டும். இவர் அந்த டெஸ்டரையே நம்ப மாட்டார். கரண்ட் இருக்கிற வேறோர் இடத்தில் வைத்து அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பார், பிறகு இங்கே வைப்பார், மறுபடி அங்கேயே போய் வைத்துப் பார்ப்பார். கூட்டாளிகள் இவருக்கு வைத்த பெயர் ‘இன்னொருதரம்’. வீட்டிலும் அப்படித்தான். நான் அணைத்த அடுப்பை இவர் போய் இன்னொருதரம் அணைப்பார்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பூட்டு. வேலைக்கு இறங்கும் ஒவ்வொருவரும் மெயின் சுவிட்சில் தன் பூட்டை மாட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். போட்டவர்தான் எடுக்க வேண்டும். ஒரு பூட்டு தொங்கினால் ஒரு ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். அதை எடுக்கும்வரை யாரும் கரண்டைப் போட முடியாது.

எங்களுக்கு ஒரே மகள். தூரத்து நகரத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. அவள் ரயிலேறும் நாளில் பாழாய்ப்போன விடுமுறை, அதுவும் இரண்டு நாள் சேர்ந்தாற்போல வந்து தொலைத்தது. காலையில் அவள் பெட்டியின் பூட்டு உடைந்து கையோடு வந்துவிட்டது. இவர் தன்னுடைய பூட்டு ஒன்றை எடுத்து மாட்டினார், பழக்கதோஷத்தில் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“சாவி?” என்றேன்.

“ஸ்டேஷனுக்கு வந்து நானே கையில தர்றேன். சாயங்காலம் வண்டிக்கு முன்னாடி வந்துடுவேன்.”

“வந்து கிழிச்சீங்க!”

“விடும்மா, அப்பா வருவாரு,” என்றாள் மகள்.

வரவில்லை. வண்டி நகர்ந்தபோது அவள் வாசலில் நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமல் என் தோளுக்குப் பின்னாலேயே பார்த்துக்கொண்டு போனாள். பிளாட்பாரம் காலியான பிறகு மனுஷன் மூச்சிரைக்க ஓடி வந்தார். நடந்ததைச் சொன்னார். வேலை மதியமே முடிந்துவிட்டதாம். ஆனால் ஒரு பூட்டு மட்டும் மெயினில் தொங்கிக்கொண்டிருந்ததாம். அது தூங்குமூஞ்சி என்கிற கூட்டாளியுடையது. ஆளைக் காணோம், போனும் எடுக்கவில்லை.

“எங்கயாவது போய்த் தூங்கிட்டிருப்பான், அறுத்துப் போடுங்கன்னார் மேனேஜர்.”

“அறுத்துட்டு வர வேண்டியதுதானே?”

“பேனலுக்குப் பின்னாடி தூங்கிட்டிருந்தா?”

இவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான். பேனல் பேனலாகத் தேடிவிட்டு, அவன் வீட்டுக்கே போயிருக்கிறார். அவன் வயிற்றுவலி என்று சொல்லாமல் கொள்ளாமல் வந்து படுத்திருக்கிறான், சாவி சட்டைப்பையில். அந்தத் தடியனை எழுப்பிக் கூட்டிவந்து, அவன் கையாலேயே பூட்டை எடுக்க வைத்திருக்கிறார்.

“ஊரான் பிள்ளைக்கு இவ்வளவு பாத்தீங்களே, நம்ம பிள்ளை உங்களத்தான் தேடிக்கிட்டே போச்சுங்க,” என்று அங்கேயே அழுதுவிட்டேன். இவர் பெட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றார்.

மறுநாள் காலை வேறொரு தொழிற்சாலை. இவர் கிளம்பும்போது மகள் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

“அம்மா, ஹாஸ்டல்ல ஒருத்தர் பெட்டிப் பூட்டை அறுத்துத் தர்றேன்னார். நான் வேண்டாம்னுட்டேன்.”

“ஏன்டி? மாத்துத் துணிக்கு என்ன பண்ணுவ?”

“ரூம்ல இருக்கறவளோடதப் போட்டுக்கறேன். போட்டவர்தானேம்மா எடுக்கணும்? அப்பாவ வரச் சொல்லு.” போனை வைத்துவிட்டாள்.

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சொன்னவனை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்துங்கள், பேசிக்கொள்கிறேன்.

இவர் தோள்பையைக் கீழே வைத்தார். சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். “சார், இன்னிக்கு வேற ஆளப் போட்டுக்குங்க. என் பூட்டு ஒண்ணு வெளியூர்ல தொங்குது. நான் போய்த்தான் எடுக்கணும்.” அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, கேட்க இவர் நிற்கவில்லை. என்னைப் பார்த்து, “நீயும் கிளம்பு,” என்றார்.

அன்றைக்கு அடுப்பை நான் மட்டும்தான் அணைத்தேன். இவர் சமையலறைப் பக்கமே வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, சட்டைப்பையில் அந்தச் சாவி இருக்கிறதா என்று இன்னொருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.