மினியேச்சரின் சிவப்பு

சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பட்டாசு லேபிள் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். பட்டாசு மருந்துக்கு விதிகள் இறுகாத வருஷங்கள் அவை. விரலளவு ராக்கெட்டுக்கு 'மினியேச்சர்' என்று பெயர் போட ஆர்டர் வந்தது. ஆங்கிலம் படித்தவள் என்ற திமிர் எனக்கு உண்டு. எந்தச் சொல்லையும் பார்க்காமல் விட மாட்டேன்.

"மினின்னா சின்னது, அம்புட்டுதான். இதுக்குமா போனைப் பாக்கீக?" என்று முதலாளி கிண்டலடித்தார்.

பார்த்தால், அந்தச் சொல்லுக்கும் சின்னதற்கும் முதலில் சம்பந்தமே இல்லை. லத்தீனில் மினியம் என்றால் ஈயச் செந்தூரம். கையால் எழுதிய பழைய புத்தகங்களில் அந்தச் சிவப்பால் எழுத்தும் படமும் தீட்டினார்களாம். படங்கள் சிறியவை என்பதால் சின்னது என்ற பொருள் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. அது என்ன செந்தூரம் என்று தேடப் போனேன். குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் விஷம் என்று இருந்தது.

என் கணவர் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலப்பவர். படபடவென்று பொரிவதற்காகச் சேர்க்கும் அதே செந்தூரத்தை எனக்குப் பொட்டலமாகக் கொண்டுவருவார். கோலத்துக்குக் கடைக் காவி மங்கல். இது பளிச்சென்று இருக்கும். தெருவே என் கோலத்தை நின்று பார்க்கும். வாசலோடு விட்டேனா, பூசை அறையிலும் இழுத்தேன். மகள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். எதைத் தொட்டாலும் விரல் வாய்க்குத்தான் போகும்.

வீட்டுக்கு ஓடிப்போய்த் தரையைக் கழுவினேன். கணவர் வந்ததும் கத்தினேன்.

"பத்து வருஷமா கையில அள்ளுறேன். எனக்கு என்ன ஆச்சு?" என்றார்.

மறுநாள் விருதுநகரில் மகளுக்கு ரத்தம் எடுத்தோம். முடிவு வர நான்கு நாள் ஆனது. மகளை இடுப்பைவிட்டு இறக்கவில்லை.

"ஈயம் கொஞ்சம் இருக்கு" என்றார் டாக்டரம்மா.

"கொஞ்சம்னா பரவாயில்லையா மேடம்?"

"இருக்கவே கூடாதும்மா. அந்தப் பொடி இனி வீட்டுக்குள்ள வரக்கூடாது. மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பாப்போம்."

நான் அழுதேன். கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். டாக்டரம்மா அவருடைய சிவப்பேறிய நகங்களைப் பார்த்தார்.

"என்ன வேலை பாக்கீங்க?"

சொன்னார்.

"உங்க ரத்தத்தை எப்பவாவது பாத்திருக்காங்களா?"

"இல்ல மேடம்."

"உக்காருங்க."

மகளை என் மடியில் விட்டுவிட்டு அவர் சட்டைக் கையை மடித்தார். அந்த நான்கு நாளில் நான் அவரை ஒரு தடவைகூட நினைக்கவில்லை.